மணல்மேசையும் மாணவன் செய்த பாலமும்

விளையாட்டு என்பது வீண்பொழுது என்று கருதும் வழக்கம் ஆசிரியர் உலகில் இன்னும் முற்றாக நீங்கவில்லை. இதனை எழுதும் நானும் அக்குற்றத்திற்கு விலக்கானவன் அல்லேன். சில ஆண்டுகளுக்கு முன்பு ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் ஐஸ்கிரீம் குச்சிகளாலும் அட்டையாலும் சிறு பாலம் ஒன்றைச் செய்து வகுப்பிற்குக் கொண்டு வந்தான். மேசைமேல் பொம்மைகளை நிறுத்தி, ஆளுக்கொரு பாத்திரமேற்று ஆடும் கதைவிளையாட்டிற்காக அண்ணனுக்குச் செய்தது என்றான். படிக்கும் நேரத்தில் இது எதற்கு என்று கடிந்து, வாங்கி அலமாரியில் வைத்தேன். ஆண்டிறுதியில் திருப்பிக் கொடுக்க எடுத்தபோது அதன் தூண் ஒன்று ஒடிந்திருந்தது. அவன் ஒன்றும் பேசாமல் பெற்றுக்கொண்டு சென்றான். அந்த அமைதி என் மனத்தை உறுத்தியது. அவன் கையிலிருந்த பொருளுக்கு வரலாறு உண்டா என்று தேடத் தொடங்கினேன். உண்டு; அது நீண்ட வரலாறு.

நிலத்தைச் சிற்றுருவாக்கிக் காணும் முயற்சிக்குப் பழைய சான்று ஒன்று சீன வரலாற்றில் கிடைக்கிறது. கி.பி. 32ஆம் ஆண்டில் மா யுவான் என்னும் படைத்தலைவர், ஹான் பேரரசர் குவாங்வூவின் முன்னிலையில் அரிசியைக் குவித்து மலைகளையும் பள்ளத்தாக்குகளையும் அமைத்துக் காட்டினார். படை செல்லவேண்டிய வழி பேரரசருக்குத் தெளிவாயிற்று. சொற்களால் விளங்காதது ஒரு பிடி அரிசியால் விளங்கியது என்பது ஆசிரியர்கள் எண்ணிப் பார்க்கத்தக்கது.

பிரான்சு நாட்டில், 1668ஆம் ஆண்டில், அமைச்சர் லூவுவாவின் கருத்தை ஏற்றுப் பதினான்காம் லூயி மன்னர் கோட்டை நகரங்களின் சிற்றுருக்களைச் செய்விக்கத் தொடங்கினார். மெய்யான அளவில் 600இல் ஒரு பங்காக அவை பெரும்பாலும் அமைந்தன. மரமும் தாளும் மணலும் பட்டுநூலும் கொண்டு மதில்களும் தெருக்களும் மரங்களும் பாலங்களும் உருவாயின. அவற்றுள் பல இன்றும் பாரிசு நகரில் காக்கப்படுகின்றன.

விளையாட்டு இவ்வரலாற்றினுள் நுழைந்தது பதினெட்டாம் நூற்றாண்டில். இந்திய மண்ணில் தோன்றி மேற்கே சென்ற சதுரங்கத்தை அடிப்படையாகக் கொண்டு, ஜெர்மன் நாட்டுக் கணித ஆசிரியர் ஹெல்விக் 1780இல் ஒரு போர்விளையாட்டை வெளியிட்டார். அவருடைய பலகையில் 64 கட்டங்களுக்கு மாறாக 1,617 கட்டங்கள் இருந்தன. மலை, காடு, நீர் என்று நிலத்தின் தன்மைக்கேற்பக் கட்டங்களின் வண்ணம் வேறுபட்டது. சதுரங்கத்தில் எல்லாக் கட்டமும் ஒன்றே. இங்கோ நிலமும் ஆட்டத்தில் பங்கேற்றது.

பிரஷ்யாவின் ரைஸ்விட்ஸ் என்பவர் மணலில் நிலத்தோற்றம் அமைத்து இவ்விளையாட்டை வளர்த்தார். மன்னர் காண விரும்பியபோது மணல் தகுதியன்று எனக் கருதி, மேடுபள்ளங்கள் புடைப்பாக அமைந்த வண்ணவில்லைகளைக் கொண்ட பெரிய மேசை ஒன்றை 1812இல் செய்து அளித்தார். வில்லைகளை மாற்றி அடுக்கினால் புதிய நாடு பிறக்கும். அவர் மகன் 1824இல் விதிகளைத் திருத்தி வெளியிட்டபோது, ஆட்டத்தை நடத்தும் நடுவர் ஒருவருக்கு முதன்மையளித்தார். தலைமைப் படையதிகாரி மூஃப்ளிங் அதனைக் கண்டு, இது விளையாட்டன்று, போர்க்கல்வி என்று வியந்து படைக்குப் பரிந்துரைத்தார்.

இத்துறையில் உண்மைக்காகத் துன்புற்றவர் ஒருவரும் உண்டு. ஆங்கிலேயப் படையின் வில்லியம் சைபோர்ன், வாட்டர்லூப் போரின் சிற்றுருவை அமைக்கும் பணியை 1830இல் ஏற்றார். போர் நடந்த இடத்திலேயே எட்டுத் திங்கள் தங்கி நிலத்தை அளந்தார். போரில் ஈடுபட்ட அதிகாரிகளுக்கு மடல் எழுதி, மாலை ஏழு மணியளவில் அவரவர் நின்ற இடம் எது என்று வினவினார். 1833இல் அரசு பொருளுதவியை நிறுத்தியது. கடன்பட்டுப் பணியைத் தொடர்ந்தார். 1838இல் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட சிறு படைவீரர் உருவங்களோடு அது இலண்டனில் காட்சிக்கு வைக்கப்பட்டது. பிரஷ்யப் படைக்கு அதில் தரப்பட்ட இடம் மிகுதி என்பது வெலிங்டன் பெருமகனாரின் கருத்து. பின்னர் அவ்வுருவங்களுள் மிகப் பலவற்றைச் சைபோர்ன் நீக்க நேர்ந்தது. பொம்மை ஒன்றை எங்கே நிறுத்துவது என்பதும் வரலாற்றுத் தீர்ப்பே என்பதை இதனினும் தெளிவாக எடுத்துரைக்க இயலுமோ!

ஒருகாலத்தில் ஆசிரியராகப் பணியாற்றிய எழுத்தாளர் எச்.ஜி.வெல்ஸ் 1911இலும் 1913இலும் எழுதிய இரு நூல்களால், மரக்கட்டைகளும் அட்டை வீடுகளும் சிறுகிளைகளும் கொண்ட விளையாட்டு நிலம் இல்லங்களுக்கு வந்தது. பொம்மைப்போரை ஆடிப் பார்த்தவருக்கு மெய்ப்போரின் அறியாமை விளங்கும் என்று அவர் கருதியது குறிப்பிடத்தக்கது.

பிரஷ்ய நடுவர்முறை அமெரிக்காவையும் எட்டியது. 1880இல் டாட்டன் அங்கே வெளியிட்ட போர்விளையாட்டு நூலைக் கற்ற டேவிட் வெஸ்லி, 1969இல் ஒரு கற்பனை நகரை அமைத்து, ஆடுவோர்க்குப் படைகளை மட்டுமன்றி நகரத்தலைவர் முதலிய தனிப் பாத்திரங்களையும் அளித்தார். அதில் பங்கேற்ற டேவ் ஆர்னசன், தம் இல்லத்தில் மணல்மேசை வைத்திருந்த கேரி கைகாக்ஸுடன் இணைந்து உருவாக்கிய ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ 1974இல் வெளிவந்தது. என் மாணவனின் அண்ணன் ஆடியது அவ்வழி வந்த விளையாட்டே.

இவ்விளையாட்டில் பாலம் வெறும் அழகுப்பொருளன்று. ஓர் அங்குலம் ஐந்தடிக்கு நிகர் என்பது அங்குப் பரவலாக வழங்கும் அளவை. இரண்டங்குல அகலப் பாலத்தில் இருவர் இணைந்து செல்லலாம். ஓரங்குலமாயின் ஒருவர் பின் ஒருவராகவே செல்லவேண்டும். முதலில் கடப்பவர் யார், பின்னே நின்று காப்பவர் யார் என்னும் வினா உடனே எழும். பாலத்தின் அகலமே கதையின் போக்கை மாற்றிவிடுகிறது. அதனைச் செய்பவன் அளவை, விகிதம், தூணின் உயரம், வளைவின் அமைப்பு ஆகியவற்றைத் தானே கணக்கிட்டுக் கொள்கிறான். நுரைப்பலகையில் பென்சிலால் அழுத்திக் கல்வரிசை காட்டலாம். பசை தடவி மணல் தூவிக் கரை அமைக்கலாம். இருண்ட வண்ணத்தின்மேல் உலர்ந்த தூரிகையால் வெளிர்வண்ணம் தீற்றினால் கல்லின் முனைகள் துலங்கும். நுரைப்பலகையின்மேல் தெளிப்பு வண்ணத்தை நேரே அடித்தால், அதிலுள்ள கரைப்பான் பலகையை அரித்துவிடும் என்பதும் ஒரு பாடமே.

ஆசிரியப் பெருமக்களே! அரிசியால் மலை செய்த படைத்தலைவரும், கட்டம் வரைந்த கணித ஆசிரியரும், கடன்பட்டுப் பொம்மை நிறுத்திய சைபோர்னும் நாடியது ஒன்றே: கண்ணுக்கு எட்டாததைக் கைக்கெட்டும் அளவில் வைத்து ஆராய்தல். கல்வி என்பதும் அதுவே அன்றோ?

அலமாரியில் நான் பூட்டி வைத்தது குச்சிப்பாலத்தை மட்டுமன்று என்பதை இன்று உணர்கிறேன். அம்மாணவன் இடைநிலைப் பள்ளிக்குச் சென்றுவிட்டான். அவனுக்குப் பின் வந்தவர்க்காக எங்கள் பள்ளி நூலகத்தின் ஒரு மூலையில் மணல்மேசை ஒன்றை அமைத்துள்ளோம். அதன் நடுவே ஓடும் ஆற்றின்மேல் இன்னும் பாலம் இல்லை. அதனை மாணவர் கட்டட்டும் என்று விட்டிருக்கிறேன்.