மாண்டலினுக்கு வேண்டியது சத்தமா, கார்வையா?

மாண்டலின் வாங்கிய பலரும் சொல்கிற புகார் ஒன்றுதான்: "தகர டப்பா மாதிரி கேக்குது, சத்தமும் பத்தல." இரண்டும் ஒரே கோளாறு என்று நினைத்து நாமும் ஒரே மருந்தைத் தேடுகிறோம். ஆனால் சத்தம் வேறு, கார்வை வேறு. ஒன்றைக் கூட்டினால் மற்றது குறைகிற மாதிரிதான் இந்த வாத்தியத்தின் கட்டுமானமே இருக்கிறது. மாண்டலின் ஸ்ரீனிவாஸ் என்ன செய்தார் என்பது இந்த இடத்திலிருந்து பார்த்தால்தான் சரியாகப் புரியும்.

கம்பியை ஒருமுறை மீட்டும்போது அதற்குள் ஒரு அளவு சக்தி போகிறது, அவ்வளவுதான். கம்பி ரொம்ப மெல்லியது, அதனால் காற்றைத் தள்ள முடியாது. பிரிட்ஜ் வழியாக மேல்பலகைக்குப் போய், பலகை அதிர்ந்துதான் நம் காதுக்கு ஒலி வருகிறது. பலகை லேசாக இருந்தால் சக்தியைச் சட்டென்று வாங்கிக்கொள்ளும், சத்தம் கூடும், ஆனால் கம்பி சீக்கிரம் ஓய்ந்துவிடும். பலகை கனமாக இருந்தால் நேர்மாறு. குடத்தில் ஓட்டை பெரிசா இருந்தா தண்ணி வேகமா வரும், சீக்கிரமும் தீர்ந்துடும் இல்லையா, அதேதான்.

இதற்கு எங்கள் கடற்கரையிலேயே ஒரு பழைய உதாரணம் உண்டு. சிறுபாணாற்றுப்படையில் பாணர்கள் சீறியாழோடு நல்லியக்கோடனைத் தேடிப் போகிற வழியில் எயிற்பட்டினம் வருகிறது. ஆய்வாளர்கள் பலர் அதை இன்றைய மரக்காணம் என்றே கொள்கிறார்கள். அந்தக் கால யாழுக்கு மரப் பத்தர், அதன்மேல் தோல் போர்வை. பொருநராற்றுப்படையில் யாழின் உறுப்பு ஒவ்வொன்றுக்கும் விரிவான வர்ணனை இருக்கிறது. தோல் மேல்பலகை என்றாலே எனக்கு இன்றைய பாஞ்சோ ஞாபகம் வரும். மீட்டின உடனே பளிச்சென்று கேட்கும், ஒலி நிற்காது. யாழும் அப்படித்தான் ஒலித்திருக்கும் என்பது என் ஊகம். திறந்த வெளியில், அலைச்சத்தத்துக்கு நடுவே பாடுகிறவருக்கு அது தோதான வாத்தியம்தான்.

மாண்டலினின் கதையும் பெரும்பாலும் சத்தத்தைத் துரத்திய கதைதான். 18ஆம் நூற்றாண்டு நேப்பிள்ஸில் வினாச்சியா குடும்பத்தார் செய்த மாண்டலின்களில் நரம்பும் உலோகக் கம்பியும் கலந்து இருந்தன. 19ஆம் நூற்றாண்டில் அதே குடும்பத்தின் பாஸ்குவாலே வினாச்சியா எஃகுக் கம்பிக்குப் போனார். இரட்டை இரட்டையாக எட்டுக் கம்பி. அடுத்து அமெரிக்காவில் ஆர்வில் கிப்சன், வயலின் மாதிரி மரத்தைக் குடைந்து செய்த மாண்டலினுக்கு 1898இல் காப்புரிமை வாங்கினார். 1922இல் கிப்சன் கம்பெனியில் லாய்டு லோர் வடிவமைத்த எஃப்-5 வந்தது. இன்றைக்கும் பலர் நகலெடுப்பது அதைத்தான். பில் மன்றோ வாசித்தது 1923இல் செய்த எஃப்-5. புளூகிராஸில் மாண்டலின் கிட்டத்தட்ட தாள வாத்தியம், வெட்டி வெட்டி அடிப்பார்கள். ஒலி சீக்கிரம் செத்துவிடுவது அங்கே குறையே இல்லை.

இத்தாலிக்காரர்கள் கார்வைப் பிரச்சினைக்கு டிரெமலோவை வைத்துக்கொண்டார்கள். ஒரே ஸ்வரத்தை மேலும் கீழுமாக வேகமாக மீட்டிக்கொண்டே இருப்பது. நம்ம ஊர் பழைய சினிமாப் பாட்டிலும் அந்தச் சிலுசிலுப்பைக் கேட்டிருப்பீர்கள்.

என்னிடம் இருப்பது பிளைவுட் மேல்பலகை போட்ட சாதாரண மாண்டலின். உப்பளக் காற்றில் தொங்கிக்கொண்டிருக்கிறது. அதில் நான் செய்து பலன் கண்டவற்றைச் சொல்கிறேன். முதலில் கம்பி. ஈரமும் உப்பும் சேர்ந்தால், சுற்றுக் கம்பியின் இடுக்கில் களிம்பு ஏறி ஒலி மங்கிவிடும். துருவைத் துடைத்துப் பிரயோஜனமில்லை, செட்டையே மாற்றணும். அடுத்து பிரிட்ஜ். அது ஒட்டியிருக்காது, கம்பியின் அழுத்தத்தில்தான் நிற்கும். அதன் அடிப்பாகம் பலகையின் வளைவோடு இடைவெளியில்லாமல் பொருந்தணும். பலகைமேல் உப்புத்தாளை விரித்து, அதன்மேல் பிரிட்ஜைத் தேய்த்தால் வளைவு தானே வந்துவிடும். பிறகு பிரிட்ஜை நகர்த்தி, 12ஆவது மெட்டில் அழுத்தினால் வருகிற ஒலியும் அதே இடத்தில் லேசாகத் தொட்டு மீட்டினால் வருகிற ஒலியும் ஒன்றாகும்படி வைக்கணும். பிக் கொஞ்சம் தடிமனாக இருந்தால் தகரச் சத்தம் பாதி போய்விடும். இவ்வளவும் செய்தால் நல்ல மாற்றம் தெரியும். ஆனால் தோடி ராகம் வராது!

காரணம் கமகம். ஒருமுறை மீட்டிவிட்டு அந்த ஒலி உயிரோடு இருக்கும்போதே காந்தாரத்தை அசைக்கணும். டிரெமலோ போட்டால் அசைவு துண்டு துண்டாகிவிடும். கம்பியை இழுத்து அசைக்கலாம் என்றால், இரண்டு கம்பியைச் சேர்த்து இழுக்கணும். இரண்டும் ஒரே அளவு ஏறாது, சுருதி உரசும். கம்பியின் நீளமோ சுமார் 35 சென்டிமீட்டர்தான். வீணையில் அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் நீளம், ஒற்றைக் கம்பி, அகலமான உலோகத் தகடு பதித்த குதிரை. எல்லாமே கார்வைக்காக அமைந்தது. அதற்கு வீணை கொடுத்த விலை சத்தம். அதனால்தான் பெரிய சபாக்களில் அதற்கும் காண்டாக்ட் மைக் தேவைப்பட்டது.

ஸ்ரீனிவாஸ் பிறந்தது 1969இல், ஆந்திரத்தின் பாலகொல்லில். அப்பா சத்யநாராயணாவின் மாண்டலினைச் சின்ன வயசிலேயே கையில் எடுத்தார். குரு ருத்ரராஜு சுப்பராஜு செம்பை வைத்தியநாத பாகவதரின் சீடர். குருவுக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது! அவர் பாடுவார், பையன் அதை வாசிப்பார். எனக்கு இதுதான் முக்கியமான தகவலாகப் படுகிறது. மாண்டலின் டெக்னிக் சொல்லித்தர ஆளில்லாததால், வாய்ப்பாட்டில் வருவது கம்பியில் வந்தே ஆகணும் என்பது மட்டும்தான் அவருக்கு முன்னால் இருந்த ஒரே அளவுகோல். 1978இல் குடிவாடாவில் முதல் கச்சேரி, 1981இல் சென்னையில். கமகமே வராத மேல்நாட்டு வாத்தியம் என்று தொடக்கத்தில் முகம் சுளித்தவர்களும் உண்டு.

அவர் மரத்தை மாற்றி, பலகையைச் செதுக்கிக்கொண்டு இருக்கவில்லை. இரட்டைக் கம்பிகளை விட்டார், ஐந்து ஒற்றைக் கம்பி போட்டார், எலெக்ட்ரிக் மாண்டலினுக்குப் போனார். கட்டையான உடல் கம்பியின் சக்தியை உறிஞ்சாது, அதனால் கார்வை நிற்கும். சத்தத்தைப் பிக்கப்பும் ஆம்ப்ளிஃபையரும் பார்த்துக்கொள்ளும். எங்கள் தொழிலில் இப்படிப் பொறுப்பைப் பிரித்து வைப்பதை 'டீகப்பிளிங்' என்போம். நேப்பிள்ஸிலிருந்து கிப்சன் வரை, மேல்பலகை என்கிற ஒரே பாகத்தின் தலையில் இரண்டு வேலையைச் சுமத்திக்கொண்டே வந்தார்கள்.

இதில் இழப்பும் உண்டு. மரப்பெட்டியின் கணீர் போய்விட்டது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் சில இடங்களில் எலெக்ட்ரிக் கிடார் போலத்தான் இருக்கும், எனக்கே அப்படித் தோன்றியிருக்கிறது. ஆனால் அவருடைய எந்த விஸ்தாரமான ஆலாபனையையும் எடுத்துக்கொண்டு, ஒரு மீட்டலுக்கும் அடுத்த மீட்டலுக்கும் நடுவே எத்தனை ஸ்வரம் போகிறது என்று எண்ணிப் பாருங்கள். எட்டுக் கம்பி மாண்டலினில் அந்த இடைவெளிக்குள் ஒலி எப்போதோ அடங்கியிருக்கும்.