முடிச்சிட்ட சேலை

சாலைக் கடைத்தெருவில் துணி எடுக்கச் செல்லும் நம் தாய்மார்கள் ‘மதுரைச் சுங்குடி’ என்று பெயர் சொல்லிக் கேட்டு வாங்குவதுண்டு. வீடு வந்து சேர்வதோ பெரும்பாலும் அச்சிட்ட புள்ளிச் சேலை. சுங்குடி அச்சு வேலையன்று, முடிச்சு வேலை.

பருத்தித் துணியை விரல் நுனியால் சிறிது சிறிதாகக் கிள்ளியெடுத்து, நூலால் இறுகக் கட்டிச் சாயத்தில் தோய்ப்பர். கட்டுண்ட இடத்தில் சாயம் ஏறாது. உலர்ந்தபின் முடிச்சை அவிழ்த்தால் ஆங்கே ஒரு புள்ளி மலரும். ஒரு சேலைக்கு இவ்வாறு ஆயிரக்கணக்கான முடிச்சுகள்! வீட்டு வேலைகளுக்கிடையே பெண்கள் கட்டி முடிக்க நாட்கள் பல செல்லும்.

இக்கலையைப் பேணியோர் மதுரைச் சௌராஷ்டிரப் பெருமக்கள். கூர்ச்சரத்தினின்று புறப்பட்ட இவர்கள், 17ஆம் நூற்றாண்டில் நாயக்க மன்னர் ஆதரவில் மதுரையில் குடியேறினர் என்பர். கூர்ச்சரத்துப் ‘பாந்தனி’யும் இதற்கு உறவே. ஊர்விட்டு ஊர் வந்தோர் தொழிலையும் உடன் கொணர்வது இயல்பு. நம் நகருக்குத் தெற்கேயுள்ள பாலராமபுரத்துத் தறிகளும் பாலராமவர்மர் (1798–1810) காலத்தில் தமிழகத்தினின்று வந்த சாலியர் நாட்டியவை அல்லவா?

நிற்க. பண்டு சாயவேரும் அவுரியும் தமிழகத்துத் துணிக்கு நிறம் தந்தன. 1869இல் செயற்கைச் செஞ்சாயமும், 1897இல் செயற்கை நீலமும் ஐரோப்பியச் சந்தைக்கு வந்தபின் அவை படிப்படியாக ஒதுங்கின. அதன்மேல் மெழுகு அச்சு வந்தது. முடிச்சுக்குப் பதில் மெழுகு சாயத்தைத் தடுத்தது. பின்னர் வெறும் அச்சே போதுமென்றாயிற்று. நாட்கணக்கில் கட்டும் கை, மணிக்கணக்கில் அச்சிடும் பலகையோடு விலையில் எவ்வாறு போட்டியிடும்?

2005இல் மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயருக்குக் காப்பு வந்தது. கட்டும் பெண்ணின் கூலிக்கு வரவில்லை என்பதே என் ஆற்றாமை. சாயக்கழிவால் நொய்யலாறு கெட்டு, 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உயர்நீதிமன்றம் ஆணையிட்டதையும் நாம் கண்டோம். இன்று ஆடை வடிவமைப்போர் சிலர் மூலிகைச் சாயத்தையும் கைமுடிச்சையும் மீண்டும் நாடுகின்றனர். நன்றே. எனினும் மூலிகைச் சாயத்திற்கும் படிகாரமும் மிகுந்த நீரும் வேண்டும். அதனை மாசே அற்றதெனக் கொள்ளலாகாது.

மெய்ச் சுங்குடியை அறிவது எளிது. புள்ளிகள் ஒன்றுபோல் ஒன்று இரா. சிலவற்றின் நடுவே சாயப்பொட்டு தெரியும். முடிச்சு இருந்த இடத்தில் துணி சற்றே சுருங்கிப் புடைத்திருக்கும். அடுத்த முறை கடைக்காரர் சேலையை விரிக்கும்போது விரலால் தடவிப் பாருங்கள்.