ஏட்டில் அரக்கர், திரையில் அரக்கர்



நான் பள்ளிச் சிறுவனாயிருந்த நாளில், பெண்ணாடத்தை அடுத்த சிற்றூர்களில் கீற்றுக் கொட்டகை போட்டுப் படம் காட்டுவார்கள். தரைச் சீட்டு வாங்கி, மணலைக் குவித்து மேடாக்கி, அதன்மேல் அமர்ந்து 'மாயாபஜார்' பார்த்தவன் நான். 1957இல் வெளிவந்த அப்படம் பல ஆண்டுகள் கழித்தே எங்கள் கொட்டகைக்கு வந்து சேர்ந்தது. கடோத்கசனாக எஸ். வி. ரங்காராவ் திருமண விருந்தின்முன் அமர்கிறார். இலட்டுகள் தாமே எழுந்து அவர் வாய்க்குள் புகுகின்றன. உண்ண உண்ண அவர் உடல் வளர்கிறது. கொட்டகை முழுவதும் கைதட்டியது. ஒளிப்பதிவாளர் மார்க்கஸ் பார்ட்லியின் கைத்திறன் அது என்பதைப் பின்னாளில்தான் அறிந்தேன்.

பின்னர் வியாச பாரதத்தைப் படித்தபோது எனக்குப் பெரிய ஏமாற்றம். அந்த விருந்து அங்கே இல்லவே இல்லை! அபிமன்யு–வத்சலை திருமணக் கதை மக்களிடையே வழங்கிய கதை, வியாசர் பாடியதன்று. கடோத்கசன் என்ற பெயருக்கே, குடம் போன்ற மயிரற்ற தலையன் என்று அந்நூல் பொருள் கூறுகிறது. திரையிலோ நீண்ட குழலும் முடியும் அவனுக்கு உண்டு. ஏட்டில் உள்ள கடோத்கசன், மலைவழியில் நடக்க இயலாது சோர்ந்த திரௌபதியைச் சுமந்து செல்கிறான். பதினான்காம் நாள் இரவுப் போரில், அருச்சுனனுக்கென்று கர்ணன் காத்து வைத்திருந்த சக்தி ஆயுதத்தைத் தன் மார்பில் ஏற்று மடிகிறான். மகன் மாண்டதற்குப் பாண்டவர் அழ, கண்ணன் ஒருவனே மகிழ்கிறான். அருச்சுனன் பிழைத்தான் அல்லவா? படித்த அன்று எனக்கு உறக்கம் வரவில்லை. இலட்டு நினைவுக்கே வரவில்லை.

அப்படியானால் ஏட்டில் மிகை இல்லையா? உண்டு; நிறையவே உண்டு. சாகும் தறுவாயிலும் கடோத்கசன் தன் உடலைப் பெருக்கிக் கொண்டு விழுந்து, கௌரவர் படையில் ஓர் அக்குரோணியையே நசுக்கினான் என்கிறது பாரதம். கம்பருடைய கும்பகருணன் உறக்கம் கலைந்ததும் அறுநூறு வண்டிச் சோற்றை உண்கிறான். எங்கள் ஊர்ப் பிரளயகாலேசுவரர் கோயிலில் நந்தி வாயிலை நோக்கி அமர்ந்திருக்கும். ஊழி வெள்ளத்தைத் தடுக்கவே அது திரும்பியது என்பது தலபுராணம். அந்தப் புராணத்து நந்தியின் அளவை யாரும் சொல்லவில்லை. கேட்பவன் மனம் எவ்வளவு கொள்ளுமோ அவ்வளவு பெரிது. திரையிலோ அளவை ஒருவர் நமக்காக முடிவு செய்துவிடுகிறார்.

இப்பழக்கத்தைத் தொடங்கியது திரைப்படமன்று. தென்னார்க்காட்டுத் தெருக்கூத்தைக் கண்டவர்கள் அறிவார்கள். இருவர் திரை பிடிக்க, அதன் பின்னிருந்து முதலில் குரல் மட்டும் வரும். பின்னர் மரத்தாலான முடியும் புசக்கட்டையும் மார்புப் பதக்கமும் அணிந்த கட்டை வேடம் வெளிப்படும். நள்ளிரவில், தொலைவில் அமர்ந்திருப்பவனும் காணவேண்டுமே! வேடம் பெரிதாகத்தான் இருக்க வேண்டும். ஆயினும் அந்த வேடக்காரர் விடியும்வரை பாடுவார், வாதாடுவார், தம் பக்கத்து நியாயத்தையும் எடுத்துரைப்பார். திரைப்படம் உருவத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வாதத்தை விட்டுவிட்டது என்பதே என் வழக்கு.

விதிவிலக்கு இல்லாமல் இல்லை. 1958இல் வந்த 'சம்பூர்ண ராமாயணம்' படத்தில் டி. கே. பகவதி ஏற்ற இராவணன் இசை வல்லவன், வீணையோடு நிற்பவன். அவனைக் கண்டு அஞ்சிய குழந்தையும் அவனுக்காக இரங்கும்.

மேல்நாட்டிலும் இதே கதைதான். 1818இல் மேரி ஷெல்லி என்ற இளம்பெண் எழுதிய 'பிராங்கன்ஸ்டைன்' நாவலில், ஒரு மாணவன் படைத்த எட்டடி உருவம் ஒரு குடிசையின் சுவர்ப் பிளவு வழியே பார்த்தே பேசக் கற்கிறது. மில்டனையும் புளூட்டார்க்கையும் படிக்கிறது. தன்னைப் படைத்தவனிடமே வழக்காடுகிறது. 1931இல் ஜேம்ஸ் வேல் இயக்கிய படத்தில் அதே உருவத்துக்குப் பேச்சே இல்லை, உறுமல்தான். போரிஸ் கார்லாஃபின் தட்டைத் தலையும் கழுத்து ஆணியும் இன்று உலகம் அறிந்தவை. அது நூல் படித்தது என்றால் நம்ப மாட்டார்கள். டோல்கீனின் 'ஹாபிட்' நூலில் முன்னமே இறந்துபோனவனாகப் பெயரளவில் வரும் அசோக் என்ற பூதத்தலைவன், 2012 முதல் வந்த மூன்று படங்களில் உயிரோடு துரத்தி வருகிறான். ஒரு நூலை மூன்று படமாக நீட்டுவோருக்குத் துரத்த ஒருவன் வேண்டும் போலும்!

கும்பகருணனுக்கு வருகிறேன். அவன் பெயரைச் சொன்னால் உங்களுக்குக் குறட்டைதானே நினைவுக்கு வருகிறது? எனக்கும் அப்படித்தான் இருந்தது. தலைமையாசிரியனாவதற்கு முன், வகுப்பில் நாள்தோறும் உறங்கிய மாணவன் ஒருவனை, "எழுந்திரு, கும்பகருணா!" என்று அழைத்தேன். வகுப்பு சிரித்தது. அப்பெயர் அவனுக்கு நிலைத்துவிட்டது. கரும்புத் தோட்டத்தில் மோட்டாருக்கு இரவில்தான் மும்முனை மின்சாரம் வரும். தந்தை நோயுற்றிருந்ததால் அவனே விடிய விடிய நீர் பாய்ச்சினான் என்பதை ஒரு மாதம் கழித்தே அறிந்தேன்.

அவ்வாண்டு யுத்த காண்டத்துக் கும்பகருணன் வதைப் படலம் நடத்தும் முறை வந்தது. அறுநூறு வண்டிச் சோற்றுக்கு வகுப்பு அவனைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. மேலே படித்தோம். உண்டு முடித்த அரக்கன் அண்ணனிடம் கேட்கும் முதற்கேள்வி, போர் மூண்டுவிட்டதா, சானகியின் துயர் இன்னும் தீரவில்லையா என்பது. அவளை விட்டுவிடு என்று அறிவுரை கூறுகிறான். அண்ணன் கேளாதபோதும் அவனை விட்டு நீங்கவில்லை. களத்தில் வீடணன் வந்து அழைக்கிறான். இத்தனை நாள் வளர்த்துப் போர்க்கோலமும் பூட்டி அனுப்பியவனுக்கு உயிரைக் கொடாமல் வரமாட்டேன் என்று மறுக்கிறான். சாகும்போது இராமனிடம் வேண்டுபவை இரண்டு: தம்பி வீடணனைக் காக்க வேண்டும், மூக்கறுபட்ட தன் தலையைத் தேவர்கள் காணாதபடி கடலில் இட வேண்டும்.

வகுப்பில் ஒலியே இல்லை. அந்த மாணவன் அன்று உறங்கவில்லை. மணி அடித்ததும் என்னிடம் வந்து, "ஐயா, அந்தப் படலத்தை வீட்டுக்கு எடுத்துப் போகலாமா? அப்பாவுக்குப் படித்துக் காட்ட வேண்டும்" என்று கேட்டான். என் கையிலிருந்த நூலையே கொடுத்தேன்.