மூலனூர்ப் புல்லும் பல்லடத்துத் தட்டும்

நான் பிறந்தது மூலனூர்ப் பக்கம், வாழ்க்கைப்பட்டது பல்லடத்துக்குத் தெற்கே. மாப்பிள்ளை பார்க்க வந்த என் அப்பா, வாசலில் இருந்த சோளத்தட்டுப் போரின் நீளத்தையும் உயரத்தையும் கண்ணாலேயே அளந்துவிட்டுத்தான் திண்ணையில் உட்கார்ந்தாராம். மழை பொய்த்தால் இந்த வீட்டுப் பண்டங்கள் (ஆடுமாடுகள்) எத்தனை மாதம் தாங்கும் என்பதுதான் அவர் போட்ட கணக்கு. கொங்குச் சீமையின் கிழக்குப் பாதியில் பண்ணையம் பண்ணியவர்கள் எல்லோரும் மழை வராத வருடத்தை மனதில் வைத்தே பண்ணினார்கள்.

தென்மேற்குப் பருவமழையை மேற்குத் தொடர்ச்சி மலை மறித்துக்கொள்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருவது பெரும்பாலும் காற்றுதான். ஆனியிலும் ஆடியிலும் அது மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டு போகும். பல்லடம், காங்கயம், தாராபுரம், மூலனூர், வெள்ளகோவில் எல்லாம் ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பியவை. நல்ல வருடத்திலேயே 600 மில்லிமீட்டரை ஒட்டித்தான் பெய்யும்.

அந்த மழைக்கு ஏற்றபடி எங்கள் முன்னோர் உண்டாக்கியது கொறங்காடு. பார்க்கிறவர்களுக்கு வெறும் பொட்டல் போலத் தெரியும். ஆனால் அதில் மூன்று விஷயங்கள் கணக்காக இருக்கும்: சுற்றிலும் முள்ளுக்கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரம். கிளுவைக் கொம்பை வெட்டி நட்டாலே வேர் பிடித்துக்கொள்ளும். வேலி அடர்ந்துவிட்டால் மேய்ப்பதற்கு ஆள் வேண்டாம். பண்டங்கள் பகலும் இரவும் உள்ளேயே கிடக்கும், சாணியும் மூத்திரமும் அங்கேயே எருவாகும். ஒரு காட்டில் புல் குறைந்தால் அடுத்த காட்டுக்கு மாற்றிவிடுவார்கள். கோடையில் கொழுக்கட்டைப் புல் மேலே காய்ந்து கருகினாலும் கட்டை உயிரோடு இருக்கும். ஒரு நல்ல மழை விழுந்த சில நாட்களில் துளிர்த்துவிடும். புல் இல்லாத மாதங்களில் வெள்வேலங்காய் உதிரும். ஆடுகள் அதற்காகவே மரத்தடியில் காத்துக் கிடப்பதைச் சின்ன வயதில் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

காங்கயம் மாடு இந்தப் புல்லில் உருவான மாடு. பழையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியார் தேர்ந்த காளைகளை வைத்து இனத்தைச் சீராக்கியதை, 1936இல் லிட்டில்வுட் தென்னிந்தியக் கால்நடைகளைப் பற்றி எழுதிய நூலில் காணலாம். காளைகளைப் பற்றி எழுதியவர்கள் பலர். அவை மேய்ந்த புல்லைப் பற்றி எழுதியவர்கள் குறைவு.

கொறங்காட்டுக்கு அடுத்த அரண் சோளம். மானாவாரியில் விதைத்து, கதிரை நாம் எடுத்துக்கொண்டு, தட்டைப் போர் போட்டு வைப்போம். கிணற்றுத் தண்ணீர் இருந்தால் பசுந்தீவனத்துக்கு நெருக்கி விதைத்துச் சோள நாத்தாக அறுப்போம். வாடிக் குட்டையாக நிற்கும் இளஞ்சோளத்தைப் பண்டம் கடித்தால் செத்துப்போகும். அதனால் மழை தவறிய பயிருக்குப் பக்கத்தில் கூடக் கன்றை விடமாட்டாள் என் அம்மிச்சி. அதில் ஹைட்ரோசயனிக் அமிலம் இருப்பது அவளுக்குத் தெரியாது, ஆனால் எப்போது ஆபத்து என்பது துல்லியமாகத் தெரியும்.

1932இல் பைக்காரா மின்சாரம் வந்தது. அதன் கம்பிகள் மில்களைத் தாண்டிக் காடுகளுக்கும் நீண்டபோது கிணற்று மேட்டில் மோட்டார் உட்கார்ந்தது, தண்ணீர் இறைக்கக் கவலை இழுத்த எருதுகளுக்கு வேலை குறைந்தது. 1950களில் அமராவதி அணை, 1960களில் பரம்பிக்குளம் ஆழியாறு வாய்க்கால் வந்தன. பிறகு டிராக்டர், கலப்பினப் பசு, பால் சொசைட்டி. கலப்பினப் பசுவைக் கொறங்காட்டில் விட்டு நாளுக்குப் பத்து லிட்டர் கறக்க முடியாது, கட்டுத்தரையில் கட்டிப் பசுந்தீவனம் போட வேண்டும். இதே சமயத்தில் கோழி பெருகியது. 1984இல் உடுமலைப்பேட்டையில் தொடங்கிய சுகுணா போன்றவர்களால் பல்லடம், உடுமலை வட்டாரம் கறிக்கோழிச் சீமை ஆனது. கோழிக்கு மக்காச்சோளம் வேண்டும். காசு கையில் வந்ததால் சோளக்காடு மக்காச்சோளக் காடானது. நானும் சொட்டுநீரில் ஆப்பிரிக்கன் டால் ரக மக்காச்சோளம் விதைத்து, பால்பிடிக்கும் பருவத்தில் அறுத்துப் போட்டுத்தான் பசுக்களை வளர்த்தேன். அந்தப் பால் காசில்தான் பிள்ளைகள் படித்தார்கள். மக்காச்சோளத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

ஆனால் அது தண்ணீரை நம்பிய பயிர். 2016இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதவீதம் குறைந்தது. 440 மில்லிமீட்டர் பெய்ய வேண்டிய இடத்தில் 168தான் பெய்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அரசு அறிவித்தது. எங்கள் கிணறும் போர்வெல்லும் வற்றின. நின்ற மக்காச்சோளம் இடுப்பளவில் சுருண்டது. வறட்சியில் வாடும் மக்காச்சோளத்தின் அடித்தண்டில் நைட்ரேட் சேரும் என்பதால் அதையும் பயந்து பயந்துதான் போட்டோம். டெல்டாவில் இருந்து வரும் வைக்கோலும் விலை ஏறியது. பாதிப் பசுக்களை விற்றோம். மூலனூரில் என் அண்ணனின் கொறங்காட்டில் ஆடுகள் மெலிந்தன, ஆனால் விற்கவில்லை. அடுத்த மழைக்கு அங்கே யாரும் விதைக்காமலேயே புல் வந்தது.

பிறகு வந்தது படைப்புழு. அமெரிக்கக் கண்டத்துப் பூச்சி, 2016இல் ஆப்பிரிக்காவில் கால் வைத்து, 2018 மே மாதம் கர்நாடகத்தில் கண்டறியப்பட்டு, அந்த வருடமே நம் மக்காச்சோளக் குருத்துகளில் ஏறிவிட்டது. வெப்பம் கூடக்கூட அதன் தலைமுறைகள் வேகமாக உருள்கின்றன. உறைபனி விழும் நாட்டில் குளிர்காலம் அதைக் கொன்றுவிடும். இங்கே அதற்கு வருடம் முழுக்கக் காலம்தான்.

வடக்கு ஐரோப்பாவில் கதை தலைகீழ். ஒரு தலைமுறைக்கு முன் டென்மார்க்கில் மக்காச்சோளத்துக்குக் கோடைச் சூடு போதாது. சீக்கிரம் முதிரும் ரகங்களும் கூடிவரும் வெப்பமும் சேர்ந்து, இன்று அங்கே ஊறுகாய்ப் புல்லுக்காக (சைலேஜ்) ஒரு லட்சம் ஹெக்டேருக்கு மேல் விளைகிறது. அவர்களுக்கு ஒரு டிகிரி கூடினால் கதிர் முதிரும். நமக்குப் பூக்கும் நேரத்தில் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் கெட்டு, கதிர் பொக்காகும். கதிர் இல்லாத தட்டை ஊறுகாய்ப் புல்லாக்கினால் சத்துக் குறையும். ஆனால் அவர்களும் தப்பிவிடவில்லை. 2018 கோடை வறட்சியில் தீவனம் இல்லாமல் சுவீடன் விவசாயிகள் மாடுகளை முன்கூட்டியே கறிக்கு அனுப்பினார்கள். சூடு கூடுவதால் வரும் லாபம் மழை உள்ளவரைதான்.

இதற்குள் இங்கே கொறங்காடுகள் வீட்டுமனையாகவும் காற்றாலையாகவும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. மிஞ்சியிருப்பதையாவது காப்பாற்ற வேண்டும் என்று நான் உள்ளூர விரும்புகிறேன். மக்காச்சோளம் கருகினால் பயிர்க் காப்பீடு உண்டு, புல் கருகினால் ஒன்றும் கிடையாது. கொழுக்கட்டைப் புல்லும் பயிர்தான். கோவை வேளாண் பல்கலைக்கழகம் நீலக் கொழுக்கட்டையில் கோ 1 என்று ரகமே வெளியிட்டிருக்கிறது.

சொட்டுநீர் எட்டாத எங்கள் மேட்டுக்காட்டில் இப்போது மக்காச்சோளத்தை நிறுத்திவிட்டு இந்தப் புல்லை விதைத்திருக்கிறோம். செய்ய நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன்: அப்போது உதிர்ந்த விதை உடனே முளைக்காது. தை மாதம் உருவிய விதையை ஆறேழு மாதமாவது உலர வைத்திருந்து, ஐப்பசி மழைக்கு முன் மேலாகத் தூவி லேசாக மண் தள்ள வேண்டும், ஆழம் போனால் வராது. வேலிக்குக் கிளுவைக் கொம்பை முன்கூட்டியே நட்டுவிட வேண்டும். முதல் வருடம் புல் விதை கட்டி உதிரும் வரை ஒரு ஆட்டைக்கூட உள்ளே விடக் கூடாது.