நைட்மேர் ஆலி

அமெரிக்க எழுத்தாளர் வில்லியம் லிண்ட்சே கிரெஷாம் 1946இல் வெளியிட்ட நாவல். அதைத் தழுவி 1947இலும் 2021இலும் ஹாலிவுட்டில் வந்த இரண்டு திரைப்படங்களுக்கும் இதே பெயர். ஊர் ஊராகக் கூடாரம் அடிக்கும் கார்னிவலில் வந்து சேரும் ஸ்டான் கார்லைல், பிறர் மனத்தைப் படிப்பதாக நம்பவைக்கும் வித்தையைக் கற்று, பணக்காரர்களை ஏமாற்றி உயர்ந்து, விழுவதே கதை.

இதன் விதை ஸ்பெயினில் கிடைத்தது. உள்நாட்டுப் போரில் குடியரசுத் தரப்புக்கு உதவப் போன கிரெஷாமிடம், முன்பு கார்னிவலில் இருந்த ஒருவர் ‘கீக்’ பற்றிச் சொன்னார். குடிக்கு அடிமையாகி, மதுவுக்காகக் கூட்டத்தின் முன் உயிருள்ள கோழியின் தலையைக் கடித்துத் துப்புபவன் அவன். அவனைத் தேடிப் பிடிப்பதில்லை, உருவாக்குகிறார்கள் என்ற செய்தி கிரெஷாமை விடாமல் துரத்தியது. நாவலின் அத்தியாயங்களுக்கு, குறி சொல்லப் பயன்படும் டாரோ சீட்டுகளின் பெயர்களை வைத்தார்.

ஸ்டான் கற்கும் வித்தை கார்னிவல்காரர்களின் அசல் தொழில்தான். கண்ணைக் கட்டிக்கொண்டு மேடையில் இருப்பவர், பார்வையாளர் கையிலுள்ள பொருளைச் சொல்வார். கூட்டத்துக்குள் நிற்கும் துணையாள் கேட்கும் கேள்வியின் சொற்களிலேயே விடை ஒளிந்திருக்கும். அறிமுகமில்லாதவரின் உடையையும் தயக்கத்தையும் பார்த்து எதையாவது பொதுவாகச் சொல்லி, முகம் மாறும் விதத்தை வைத்து அடுத்ததைச் சொல்வது இன்னொரு முறை. கேளிக்கையாக இருக்கும்வரை இதில் தீங்கு குறைவு. இறந்தவரோடு பேசவைப்பதாகச் சொல்லித் துக்கத்தைக் காசாக்கும்போதுதான் ஸ்டான் மன்னிக்க முடியாதவனாகிறான்.

எட்மண்ட் கோல்டிங் இயக்கிய 1947ஆம் ஆண்டுப் படம், அழகு நாயகனாக மட்டுமே அறியப்பட்ட டைரோன் பவர் தானே விரும்பி நடித்தது. அவருடைய மிகச் சிறந்த நடிப்பு இதுவே எனலாம். ஆனாலும் படம் ஓடவில்லை. உரிமைச் சிக்கலால் 2005 வரை டிவிடியாகவும் வரவில்லை.

கியெர்மோ டெல் டோரோ, கிம் மார்கனுடன் திரைக்கதை எழுதி இயக்கிய 2021ஆம் ஆண்டுப் படம் 150 நிமிடம் ஓடுவது. பிராட்லி கூப்பர் ஸ்டானாகவும், கேட் பிளான்செட் உளவியல் நிபுணர் லிலித்தாகவும் நடித்தனர். 2020இல் டொரண்டோ பகுதியில் நடந்த படப்பிடிப்பு, கொரோனா தொற்றால் மாதக்கணக்கில் நின்று பிறகு தொடர்ந்தது. தயாரிப்பு வடிவமைப்பாளர் தமாரா டெவரெல் அமைத்த கார்னிவல், சேறும் நனைந்த துணியும் மங்கிய விளக்குமாக இருக்கிறது. பாதிப் படத்துக்குப் பின் வரும் லிலித்தின் அறையோ பளபளக்கும் மரச்சுவர்களோடு பொன்னிறத்தில் மின்னுகிறது. அழகுக்காக மட்டும் செய்த அலங்காரமல்ல இது. கூடாரத்தை விடப் பெரிய பொறி அந்த அறைதான். அதன் அழகில் மயங்கும் ஸ்டானோடு நாமும் மயங்குகிறோம். டான் லாஸ்ட்சனின் ஒளிப்பதிவு கறுப்பு வெள்ளைப் படத்துக்கு ஒளியமைப்பது போல நிழலைக் கையாள்கிறது.

முடிவில்தான் இரு படங்களும் பிரிகின்றன. 1947இல் கீக்காகிவிட்ட ஸ்டானை மனைவி மாலி கண்டடைந்து அணைக்கிறாள். நாவலின் கொடுமையைத் தாங்கும் துணிவு அன்றைய ஸ்டுடியோவுக்கு இல்லை. டெல் டோரோ அந்த ஆறுதலைத் தரவில்லை. கீக் வேலைக்கு அழைக்கப்படும் ஸ்டான் சிரித்துக்கொண்டே அழுகிறான். படம் அங்கேயே நிற்கிறது.

2021 டிசம்பர் 17 அன்று, புதிய ஸ்பைடர்மேன் படம் வந்த அதே நாளில் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்த படம் வசூலில் தோற்றது. சிறந்த படம், ஒளிப்பதிவு, ஆடை வடிவமைப்பு, தயாரிப்பு வடிவமைப்பு என நான்கு ஆஸ்கர் பரிந்துரைகள் பெற்றும் விருது ஒன்றும் கிடைக்கவில்லை. 2022 ஜனவரியில் இதன் கறுப்பு வெள்ளைப் பதிப்பும் திரையிடப்பட்டது.