மார்புக் குழாயின் இருப்பிடம் அறிதல்

நுரையீரல் உறைக்குள் சேர்ந்த காற்று, நீர், சீழ், ரத்தம் ஆகியவற்றை வடிக்க விலா இடுக்கில் செருகும் குழாய் உரிய இடத்தில் உள்ளதா என எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேன் மூலம் பார்க்கும் முறை. சென்னை மருத்துவமனைகளில் இக்குழாயின் பெயர் 'ஐசிடி'. காசநோய், விபத்துக் காயம் தவிர, புற்றுநோயாலும் நீர் கோக்கும்.

குழாய் நெடுக எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும் கோடு ஒன்று உண்டு. அது ஓரிடத்தில் அறுந்து தெரியும். குழாயின் கடைசிப் பக்கத் துளை அங்கேதான். படத்தில் முதலில் தேட வேண்டியது நுனியை அல்ல, இந்த இடைவெளியை. அது விலாக்கூட்டுக்கு வெளியே இருந்தால் காற்று தோலுக்கடியில் பரவும். விரலால் அழுத்தினால் நறநறவென்று இருக்கும்.

காற்றை எடுக்க நுனி மேல்நோக்கியும், நீரை எடுக்கக் கீழே பின்புறமாகவும் இருப்பது வழக்கம். முன்பக்கப் படம் ஒன்றை மட்டும் நம்புவது சரியல்ல: நுரையீரல் பிளவுக்குள்ளோ நுரையீரலுக்குள்ளேயோ புகுந்த குழாயும் அதில் ஒழுங்காகத் தோன்றக்கூடும். ஐயம் தீராவிட்டால் சி.டி. எடுக்க வேண்டும்.

மார்புக் குழாயோடு இணைத்த பாட்டிலின் குழாயில் நீர்மட்டம் மூச்சோடு ஏறி இறங்குவது நின்றால், அடைப்போ மடிப்போ இருக்கலாம். நுரையீரல் முழுதாக விரிந்தும் இருக்கலாம். மறுபடம் எடுத்துப் பார்த்த பின்பே குழாயை அகற்றுவது பற்றி முடிவெடுப்பார்கள்.