அளந்தவரும் அளக்கப்பட்டவரும்



அவுஸ்திரேலியாவின் தெற்கேயுள்ள தஸ்மானியாத் தீவில் 1802ஆம் ஆண்டு பிரெஞ்சு ஆய்வுக்குழுவொன்று வந்திறங்கிற்று. இயற்கையோடு ஒன்றி வாழும் மனிதனே உடல்வலியும் உள்ளத்தூய்மையும் உடையவன் என்று ரூசோவின் வழிவந்தோர் ஐரோப்பாவிற் பேசிய காலம் அது. அக்குழுவைச் சேர்ந்த பெரோன் என்னும் இளம் அறிஞர், கைவலிமையை அளக்கும் கருவியொன்றை ஆதிக்குடிகளின் கையிற் கொடுத்து அழுத்தச் செய்தார்; அவர்கள் ஐரோப்பியரினும் வலிகுறைந்தவர் என்றும், நாகரிகம் குறைந்தவிடத்து உடல்வலியும் குறையும் என்றும் முடிவு கட்டினார். முன்பின் அறியாத கருவியை அந்நியர்முன் அழுத்துபவன் தன் முழுவலியையும் காட்டுவானோ?

ஒரு சாரார் புகழ்ந்தனர். மற்றொரு சாரார் இகழ்ந்தனர். எனினும், இம்மக்கள் மனிதகுலத்தின் குழந்தைப் பருவத்தில் நின்றுவிட்டவர் என்பதில் இரு சாராரும் ஒன்றுபட்டனர். குழந்தையோடு யார் உடன்படிக்கை செய்வர்?

1803இல் ஆங்கிலேயர் அங்கே குடியேறினர். உழாத நிலமும் வேலியிடாத நிலமும் உரிமையாளரற்றவை என அவர் கொண்டமையால், வேட்டைநிலங்கள் ஆட்டுப்பண்ணைகளாயின. ஆதிக்குடிகள் எதிர்த்துப் போரிட்டனர். தேசாதிபதி ஆதர் 1828இல் இராணுவச் சட்டத்தைப் பிரகடனம் செய்தார். 1830இல் ஈராயிரத்துக்கும் மேற்பட்டோரை வரிசையாக நிறுத்தி, விலங்குகளை வளைத்துப் பிடிப்பதுபோல அம்மக்களை வளைக்க முயன்றார். பிடிபட்டவர் இருவரே. தொடக்கத்தில் உடன்படிக்கை செய்யாது விட்டமை பெரும்பிழை என்று அவரே பின்னர் எழுதினார்.

படை செய்யாததை நயமொழி செய்தது. ரொபின்சன் என்பவர் எஞ்சியோரை இணங்கச் செய்து பிளிண்டேர்ஸ் தீவுக்கு அனுப்பினார். அங்கே அவர்களுக்கு ஐரோப்பிய உடையும் புதிய பெயர்களும் வேதபாடமும் அளிக்கப்பட்டன. நோயோ அவர்களைக் கொள்ளைகொண்டது. ஏறக்குறைய இருநூறு பேர் சென்ற அவ்விடத்திலிருந்து 1847இல் மீண்டவர் நாற்பத்தெழுவர். முந்திய ஆண்டிலே, தாம் கைதிகளல்லர், தம் நாட்டைத் தாமே விட்டுக்கொடுத்தவர் என்று விக்ரோரியா மகாராணியாருக்கு அம்மக்கள் மனு அனுப்பியிருந்தனர். குழந்தைகள் எழுதும் மனுவா அது?

1876இல் துருகனினி என்னும் மூதாட்டி இறந்தபோது, 'கடைசித் தஸ்மானியர்' மறைந்தார் என உலகம் கூறிற்று. தம் உடலை ஆய்வாளர் சிதைக்கலாகாது என அவர் வேண்டியிருந்தும், எலும்புகள் தோண்டி எடுக்கப்பட்டு, 1904 முதல் 1947 வரை ஹோபார்ட் நூதனசாலையிற் காட்சிக்கு வைக்கப்பட்டன. 1976இலேதான் அவை தகனம் செய்யப்பட்டுச் சாம்பல் கடலிற் சேர்ந்தது.

ஆயினும், அவர் கடைசியானவர் அல்லர். பாஸ் நீரிணைத் தீவுகளில் ஆதிக்குடிப் பெண்களுக்கும் சீல் வேட்டையாடிய வெள்ளையருக்கும் பிறந்தோரின் வழித்தோன்றல்கள் இன்றும் வாழ்கின்றனர். 'அந்த இனம் அழிந்துவிட்டது' என்ற ஒரு வாக்கியமே நெடுங்காலம் அவர்களது உரிமையை மறுக்கப் போதுமானதாயிற்று. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தினாலேயே, ஆங்கிலேயர் முதலிற் குடியேறிய ரிஸ்டன் குடா உட்படச் சில நிலங்கள் அவர்களுக்கு மீண்டன.

நேயர்களே, ஒரு மக்களைத் துப்பாக்கி தொடுமுன் ஒரு சொல் தொட்டுவிடுகிறது. 'காட்டுமிராண்டி' என்ற சொல் அவர்களின் நிலத்தைப் பறித்தது. 'அழிந்தோர்' என்ற சொல் அவர்கள் உயிரோடிருக்கும்போதே அவர்களின் இருப்பையும் பறித்தது. பிறரை அளக்க முற்படும்போது, அளவுகோல் எவருடையது என்று முதலிற் கேட்பதே அறிவுடைமை.